குட்டையில் மருந்து கொட்டுவதற்கு முன்னால்

கண்ணு,

போன வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பொறுப்பெல்லாம் பார்க்கிற பெரிய தோட்டத்து மாமா. பூசாரி அண்ணன். குட்டை மீனை ஏலம் எடுத்திருக்கிற செந்தில். உங்கப்பா. உன் பனியன் கம்பெனி மேனேஜர், கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே. மண்டபத்துக்கு வெளியே குழாயடியில், உள்ளே வா என்று யாரும் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்த சரசு. காப்பித் தூக்குப்போசியோடு நான். அப்புறம் மாமாவின் உள்ளங்கையில், ஸ்பீக்கரில் போட்ட போனுக்குள், நீ. இவ்வளவு பேர்தான். நாளைக்கு யாராவது ‘ஊரே கூடி முடிவு பண்ணுச்சு’ என்று சொன்னால், அந்த ஊர் இதுதான் என்று தெரிந்து வைத்துக்கொள்.

எடுத்த முடிவு இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் குட்டை முழுக்க மயில்துத்தம் என்கிற நீல மருந்தைக் கரைத்து விடுவது. மஞ்சள் நத்தை அத்தனையும் அதில் செத்துவிடும், கோயில் திருவிழாவான மாசி நோம்பிக்கு முன்னால் குட்டை சுத்தமாகிவிடும். மூட்டைகளை நீ வாங்கி சனிக்கிழமை கம்பெனி வேனில் அனுப்பிவிடுவாய். “ஒரே நாள்ல முடிச்சுரலாங்க மாமா, செலவு என்னுது” என்று நீ சொன்னதும் மாமாவுக்கு முகமெல்லாம் பல். நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து “ஒரு நிமிசம் கண்ணு” என்றேன். “மா, பையர் லைன்ல இருக்காங்க, அப்புறம் கூப்பிடறேன்” என்றாய். இன்றைக்குத் திங்கட்கிழமை. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நம் உறவுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப்போகிறேன். நீ படிக்காவிட்டாலும் உன் சின்ன மாமியாராவது படித்துவிட்டு உனக்குப் போன் போடுவாள். உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்கிற மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமில்லையா.

அந்த நத்தை எங்கிருந்து வந்தது என்று நம் ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். உன் ஆபீஸ் வாசலில் வாஸ்துக்கென்று மீன்தொட்டி வைத்திருந்தாய். கண்ணாடியில் படிகிற பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சில நத்தைகளையும் மீனோடு கொடுத்திருந்தார். எலுமிச்சம்பழ நிறத்தில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. ஆபீஸை இடித்துக் கட்டும்போது தொட்டிக்கு இடமில்லை. “சாகவுட மனசு வரலம்மா, நம்ம குட்டையில உட்டுரலாமா?” என்று நீ கேட்டபோது எனக்கு மனசு பூரித்துப் போனது. ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் என்று ஓடுகிற பையனுக்குள் இன்னும் இரக்கம் மிச்சமிருக்கிறதே என்று. பக்கெட்டுக்குக் குங்குமம் வைத்தது நான்தான். பூசாரி அண்ணன் கற்பூரம் காட்டினார். அமாவாசை அன்று, வீட்டில் கறி மீன் எடுக்காத நாளாகப் பார்த்து, எல்லாவற்றையும் அம்மன் குட்டையில் விட்டோம். குழந்தைகள் கை தட்டின. ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. உயிரைக் காப்பாற்றினால் புண்ணியம் என்பது வரைக்கும்தான் யோசித்தோம். அந்தக் குட்டையில் ஏற்கெனவே குடியிருக்கிற உயிர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை, கற்பூரம் காட்டினவருக்கும் தோன்றவில்லை.

கலர் மீன்களைக் கொக்கு தின்றுவிட்டது. நத்தை மட்டும் பிழைத்து நின்றது. இப்போது படிக்கட்டுக் கல், மதகுச் சுவர், ஆகாயத் தாமரைத் தண்டு, எங்கே பார்த்தாலும் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். “அழகா இருக்கும்மா, என்ன பூ?” என்று பதில் போட்டாய். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. அம்மனுக்கு வைக்கிற தாமரை இந்த வருசம் இலையோடு இலையாக அரிக்கப்பட்டுப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்குக் கடைப் பூதான் வாங்குகிறோம். ஆக, இந்த நத்தையை ஒழிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது பொய். ஒழிக்கத்தான் வேண்டும். விட்டவர்கள் நாம்தான், எடுக்க வேண்டியவர்களும் நாம்தான். எப்படி எடுப்பது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை.

குட்டையில் நம் ஊர் நத்தை இருக்கிறது கண்ணு. கறுப்பும் பச்சையும் கலந்த ஓடு. சேற்றோடு சேறாகக் கிடப்பதால் உனக்கு அது இருப்பதே தெரியாது. வாரத்தில் நாலைந்து நாள் நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற சரசு, மற்ற நாட்களில் அதைப் பொறுக்கி சேவூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்கிறாள். இளைப்புக்கும் மூலத்துக்கும் நல்லதென்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மீந்தது அவள் வீட்டுக் குழம்புக்கு. மஞ்சள் நத்தை பெருகினதில் இருந்து அவள் கூடையில் பாதி அதுதான் விழுகிறது. வாங்குகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார்களாம். “இதென்ன பிளாஸ்டிக்காட்ட இருக்குது, இதத் தின்னா எளப்பு போகுமா, வருமான்னு கேக்கறாங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. உள்ளே இழுத்துக்கொண்டால் வாயை அடைக்கிற மூடி ஒன்று இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார். நம் நத்தைக்கு அது கல் மாதிரி இருக்கும். மஞ்சளுக்கு நகம் மாதிரி வளையும். இது எனக்கே பொறுக்கிப் பொறுக்கித்தான் தெரிந்தது. உன் மேனேஜர் போன மாதம் கம்பெனிப் பையன்களை வேனில் கூட்டிவந்து குட்டையில் இறக்கினாரே, அந்தப் பையன்கள் பாவம், ஹிந்தியில் ‘நத்தை எடு’ என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கறுப்பு மஞ்சள் பார்க்காமல் சாக்கில் கட்டிக்கொண்டு போய்க் குழியில் போட்டு மூடிவிட்டார்கள். சரசு கரையில் நின்று கத்தினது அவர்களுக்குப் புரியவில்லை. வேலை வேகமாக முடிந்தது என்று உனக்கு மட்டும் போட்டோ வந்திருக்கும்.

திரும்பவும் அந்த வெள்ளிக்கிழமை மண்டபக் கதைக்கு வருகிறேன். நீ போனை வைத்ததும் நான் மாமாவைப் பார்த்து, “ஏனுங் மாமா, மருந்து தண்ணிக்குள்ளதானுங்களே போகும்? அதும்பட முட்டை தண்ணிக்கு மேல இருக்குதுங்களே?” என்று கேட்டேன். மாமா ஒரு நிமிசம் உங்கப்பாவைப் பார்த்தார். உங்கப்பா தூணைப் பார்த்தார்கள். “அம்மிணி, தாய் செத்தா முட்டை தானாப் போயிரும். நீ அந்தக் காப்பிய ஊத்து, ஆறுது” என்றார் மாமா. செந்தில், “நான் சனிக்கிழமையே வலையப் போட்டு மீன எடுத்துக்கறனுங்க, எனக்கொண்ணும் நட்டமில்லீங்க” என்றான். அவனுக்கு அது போதும். “நோம்பிக்கு அம்மனுக்குத் தீர்த்தம் இந்தக் குட்டையிலிருந்துதானுங்களே எடுக்கோணும்?” என்று நான் பூசாரி அண்ணனைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், “இந்த ஒரு தடவ கேன் தண்ணி வாங்கிக்கலாமுங்க அம்மிணி” என்றார். கேன் தண்ணி! அம்மனுக்கு! என் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன், கோயில் என்பதால் விழுங்கிக்கொண்டேன். வெளியே இருந்து சரசு, “ஏனுங் சாமி, எங்க நத்தை என்னாகுமுங்க?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். “அது என்னத்துக்கு இப்ப, நத்தைக்கெல்லாமா பஞ்சாயத்து” என்று உன் மேனேஜர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் காப்பி ஊற்றினேன். ஊற்றினேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வெறும் பயத்தில் பேசவில்லை. பொங்கல் முடிந்ததும் உன் மேனேஜர் மயில்துத்தம் ஒரு பொட்டலம் கொண்டுவந்து காட்டினார் அல்லவா, அதில் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் என் சீராக வந்த அனுப்பர்பாளையத்துப் பித்தளை அண்டாவில்தான் தண்ணீர் பிடித்தேன். பிடித்த பிறகுதான், பித்தளையில் செம்பு இருக்கிறது, மயில்துத்தமும் செம்புதானே, எது எதைக் கொன்றது என்று எப்படித் தெரியும் என்று தோன்றியது. கொட்டிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் டப் எடுத்தேன். இரண்டிலும் குட்டைத் தண்ணீர், அடியில் குட்டைச் சேறு, கறுப்பு நத்தை, மஞ்சள் நத்தை, கொஞ்சம் பொடிமீன். முட்டை ஒட்டின கல் ஒன்றையும் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். ஒன்றில் மட்டும் மேனேஜர் சொன்ன அளவுக்கு மருந்து. எந்த நாள் என்ன ஆனது என்பதைப் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே பக்கத்தில் குறித்துக்கொண்டேன், அந்தப் பழக்கம் என்னை விடாது.

மருந்து போட்ட டப்பில் மீன் முதலில் போனது. வாயைத் திறந்து திறந்து மேலே வந்தது, எனக்குப் பார்க்க முடியவில்லை. கறுப்பு நத்தை எல்லாம் போனது. மஞ்சளும் போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்துக்குச் சக்தி இருக்கிறது. மருந்து போடாத டப்பில் ஒன்றும் சாகவில்லை. ஆனால் கல்லில் இருந்த முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் ஊர்த் தண்ணீரின் உப்புக்கு நீலமெல்லாம் அடிச்சேற்றில் படிந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு காலையில் டப்பின் ஓரத்தில் கடுகு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தனையும் மஞ்சள் குஞ்சு. போட்டிக்கு ஒரு கறுப்பு நத்தை இல்லை, பிடித்துத் தின்ன ஒரு மீன் இல்லை. மொத்த டப்பும் அதுகளுக்கே. நம் நத்தை மழைக்காலத்தில்தான் கரை மண்ணுக்குள் முட்டை வைக்கும், அதெல்லாம் பொரிந்து இப்போது குஞ்சும் குட்டியுமாகத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ மருந்து கொட்டினால் நம் நத்தையில் ஒன்றுகூட மிச்சமிருக்காது. நாம் யாரை ஒழிக்கப் போகிறோமோ அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். டப்பில் நடந்தது குட்டையிலும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் பண்ண நான் படித்தவள் இல்லை. ஆனால் நடக்காது என்று சொன்னவர்களில் ஒருவரும் ஒரு டப்பில்கூடப் போட்டுப் பார்க்கவில்லையே.

இந்த இடத்தில்தான் உன்மேல் எனக்குக் கோபம். மாமாவுக்குத் தெரியாது, பூசாரிக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ கம்பெனி ஆரம்பித்த புதிதில் ஒரு நேவி ப்ளூ ஆர்டர் வந்தது. துணியை மொத்தமாகச் சாயத்தில் இறக்குவதற்கு முன்னால் சின்ன டப்பாவில் ஒரு துண்டை நனைத்து, அந்த நிறத்தைப் பையருக்கு அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகுதான் பல்க் ஓட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். லேப் டிப் என்பாய். அந்த ஆர்டருக்கு மட்டும் அவசரம் என்று லேப் டிப் இல்லாமல் நேராக ஓட்டிவிட்டாய். நிறம் மாறி லாட்டு முழுக்கத் திரும்பி வந்தது. கடைசியில் காதர்பேட்டைச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளினாய். அன்றைக்குச் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து, தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல், “ஒரு டப்பாத் தண்ணியில பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்மா” என்று நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு பனியன் துண்டைக்கூட லேப் டிப் இல்லாமல் நீ இறக்கினதில்லை. துணிக்குக் காட்டுகிற நிதானம் குட்டைக்கு ஏன் இல்லை? துணி கெட்டால் காதர்பேட்டை இருக்கிறது. குட்டை கெட்டால் எங்கே கொண்டுபோய்த் தள்ளுவாய்?

உங்கப்பாவுக்கும் தெரியும். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் நாம் பருத்தி போட்டிருந்தோம். வெள்ளை ஈ வந்தது என்று உங்கப்பா மருந்தடித்தார்கள். அடுத்த வாரம் இன்னும் அதிகமாக வந்தது, இன்னொரு மருந்து. கடைசியில் செடியைத் தட்டினால் புகை மாதிரி ஈ எழும்பியது. “ஈயத் தின்னுட்டிருந்த பொரிவண்டத்தான் நான் மொதல்ல கொன்னுபோட்டேன்” என்று உங்கப்பா வரப்பில் நின்று சொன்னது என் காதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், “அன்னிக்கு நீங்க சொன்னத அங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்று கேட்டேன். “பையனே செலவு பண்றேங்கறான், நான் எப்படிக் குறுக்க பேசறது” என்றார்கள். பார்த்தாயா கண்ணு, நீ பணம் தருகிறாய் என்பதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். உன் நல்ல மனசு ஊருக்கு வாய்ப்பூட்டாகிவிட்டது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து வாய்க்கால் குட்டையில் சேருகிற இடத்தில் சிமெண்டுக் குழி ஒன்று இருக்கிறதே, அங்கே மஞ்சள்தான் மொய்க்கிறது. பப்பாளி இலையை அறுத்துப் போட்டால் விடிவதற்குள் இன்னும் வந்து குவிகிறது. அந்தக் குழியை இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே நம் நத்தை ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, அதில் மட்டும் மருந்து போடலாம், அந்தத் தண்ணீர் குட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு. எவ்வளவு, எது, போட்ட தண்ணீரை என்ன பண்ணுவது என்பதை விவசாய ஆபீசில் எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். நான் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர், பொதுக் குட்டையில் இஷ்டத்துக்கு மருந்து கொட்ட முடியாது, மனுக் கொடுங்கள், இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். மனு எழுதி வைத்திருக்கிறேன். மாமா கையெழுத்து வேண்டும். “நோம்பி முடியட்டும் அம்மிணி” என்கிறார். நோம்பிக்கு முன்னால் கொட்டிவிட்டு, நோம்பிக்குப் பின்னால் அனுமதியா?

குட்டைக்குள் கையால்தான் எடுக்க வேண்டும். நானும் சரசுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் போய்க் கல்லில் இருக்கிற முட்டையைச் சுரண்டி எடுத்து நசுக்குகிறோம். எறும்பு போகிற பாதையில் கோலம் போடாத என் கை இது. ஒவ்வொரு கொத்தையும் நசுக்கும்போது அம்மன் பேரைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேனா, பலம் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதைக் கொல்கிறேன் என்று பார்த்துக் கொல்கிறேன். மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவர்களுக்கு அந்தச் சங்கடம்கூட இருக்காது, கொன்றது எது என்று தெரிய வந்தால்தானே. கை வைத்தியம் ஒரே நோம்பிக்குள் முடியாது. இரண்டு மழைக்காலமாவது ஆகும் என்று நினைக்கிறேன். ஷிப்மெண்ட் தேதி போட்டு முடிக்கிற வேலை இல்லை இது.

மாமாவிடம் நான் பேசினால் காப்பி கேட்பார். நீ பேசினால் கேட்டுக்கொள்வார். இந்த உலகத்தின் லட்சணம் அது. அதோடு மல்லுக்கட்ட இந்த வாரத்தில் எனக்கு நேரமில்லை. ஆகவே நீதான் பேச வேண்டும். மூட்டைக்கு வைத்திருக்கிற பணத்தில் வலையும் கையுறையும் வாங்கு. முட்டை சுரண்ட வருகிற பெண்களுக்குக் கூலி கொடு. நம் நத்தை எது, அந்நிய நத்தை எது என்று பிரிக்கிற வேலையைச் சரசுவிடம் கொடுத்து, அவளை மண்டபத்துக்குள்ளே உட்காரவைத்துப் பேசச் சொல்லு.

நான் சொல்வதில் உனக்கு நம்பிக்கை இல்லை, வேனை அனுப்பத்தான் போகிறாய் என்றால், அதையும் நேராகச் சொல்லிவிடு. நான் அழ மாட்டேன். நம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக் குட்டைச் சேறு போட்டு நிரப்பி வைத்திருக்கிறேன். நீ அனுப்புவதாக இருந்தால், நாளை மறுநாளிலிருந்து நானும் சரசுவும் குட்டைக்குள் இறங்கி, மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, நம் நத்தையில் கைக்குக் கிடைக்கிற வரைக்கும் எடுத்து அந்தத் தொட்டியில் விட வேண்டும். எல்லாவற்றையும் எடுக்க முடியாது. எடுக்க முடிந்ததையாவது எடுக்க எங்களுக்கு நாள் வேண்டும்.

வேன் வருகிறதா, இல்லையா? புதன்கிழமை காலைக்குள் எனக்குப் போன் பண்ணிச் சொல்லு.

அம்மா